வாசலைக் கடக்காத எண்கள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் குரலை இனி என் காதால் கேட்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே என் சபதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு போன் பண்ணிவிடாதே, எடுக்க மாட்டேன். அலுவலகக் கணினியில் அடித்து அனுப்பினால் மேலாளர் படித்துவிடுவார். அதனால்தான் காகிதம்.

இது அக்கா தம்பிக்கு எழுதுவதும் அல்ல. உப்புச் சுரங்கத்தின் விளக்கறைப் பொறுப்பாளர், அந்தத் தலைவிளக்குகளுக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுதிய துரைக்கு எழுதுவது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தில் ஆள் கிடையாது. விளக்கு அடுக்கைத் துடைக்க நான் மட்டும் காலையில் போயிருந்தேன். பத்து மணி வாக்கில் கரண்ட் போய்விட்டு வந்தது. வந்ததும் பலகையைப் பார்க்கிறேன், ‘உள்ளே: 1’ என்று இருக்கிறது. உனக்குத் தெரிந்த பலகைதான். சுரங்க வாசலைக் கடந்து உள்ளே போகிற, வெளியே வருகிற விளக்குகளின் எண்ணைக் கணக்கு வைத்து, யார் தலையில் விளக்கு இருக்கிறதோ அவர் எந்தக் கிளைப் பாதையில் நிற்கிறார் என்று சிவப்புப் புள்ளி காட்டுமே, அது.

புள்ளி ஏழாம் கிளையில் இருந்தது.

ஏழாம் கிளையை வேலை முடிந்ததென்று சுவர் வைத்து மூடி இரண்டு வருஷம் ஆகிறது. எந்த வாரம் மூடினார்கள் என்பதும் உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர், அதாவது உன் மாமா, காணாமல் போன அதே வாரம்.

முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். புள்ளியைத் தொட்டால் விளக்கின் எண் வருமல்லவா, தொட்டேன். 02-47-19-83-05-61. கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த எண்ணை நான் பழைய பேரேட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அது பதினேழாம் விளக்கு. உன் மாமா போட்டுக்கொண்டு போன விளக்கு.

ஆள் இல்லாத இடத்தில் ஓர் எண் எப்படி வரும்? இதற்கு மட்டும் பதில் எழுது. என் வாயைப் பற்றி நீ அன்றைக்குச் சொன்னதையெல்லாம் மறுபடி எழுத வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

விளக்கறைப் பொறுப்பாளர்

—

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன். பிரித்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தொழிற்சாலையிலேயே ஆறு ஜோடி இலக்கங்களை அதன் நினைவகச் சில்லில் எழுதி அனுப்புவார்கள். அதுதான் கார்டின் பெயர். எந்த இரண்டு கார்டுக்கும் அது ஒன்றாக இருக்கக் கூடாது. சில சமயம் அவசரத்தில் எழுதாமலே அனுப்பிவிடுவார்கள். கார்டு விழித்ததும் ‘உன் எண் என்ன?’ என்று அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கேட்கும். சில்லு வெறுமையாக இருந்தால் பதில் வராது. பெயர் இல்லாமல் அது யாரோடும் பேச முடியாது. அதனால் டிரைவரே அந்தக் கணத்தில் ஓர் எண்ணை இட்டுக்கட்டிக் கொடுத்துவிடும். என் டிரைவர் இட்டுக்கட்டியது என்றால் இரண்டாவது இலக்கம் 2 ஆக இருக்கும், தொழிற்சாலை எழுதிய எண்களோடு கலந்துவிடக் கூடாதே என்பதற்காக.

நீ எழுதிய எண் அப்படிப்பட்டது. பதினேழாம் விளக்கின் சில்லு வெறும் சில்லு. அந்தப் பெயரை வைத்தது நான்தான்.

அதே எண் இன்னொரு கார்டுக்கும் விழுமா என்று கேட்பாய். கோடானுகோடியில் ஒன்று. நடக்காது என்றே வைத்துக்கொள். அப்படியானால் பதினேழாம் விளக்கு ஏழாம் கிளையில் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த விளக்கின் பேட்டரி பதினான்கு மணி நேரம்தான் தாங்கும். ஆக அதுவும் நடக்காது. இரண்டுமே நடக்காத காரியம், ஆனால் பலகையில் புள்ளி நிற்கிறது. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நம் சித்தப்பா இன்னமும் ‘டிரைவர் எழுதுறியா? எந்த வண்டிக்கு?’ என்று கேட்கிறார். இன்றைக்கு அவருக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரிகிறது.

ஒன்று மட்டும் பார். அந்த எண் பேரேட்டில் வேறு யாருக்காவது எழுதப்பட்டிருக்கிறதா? என்றைக்காவது பலகையின் கணக்கும் ஆள் கணக்கும் ஒத்துப்போகாமல் இருந்ததா?

அன்றைக்கு நான் பேசியது தப்பு. அதற்கு மேல் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவாய்.

தம்பி

—

பிப்ரவரி 25

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. பேரேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

பேரேடு முழுவதையும் புரட்டினேன். நீ கேட்டது இருக்கிறது. அந்த எண் உன் மாமா பெயருக்கு நேராகவும் வருகிறது, நெட்டை பெயருக்கு நேராகவும் வருகிறது. நெட்டையை உனக்குத் தெரியும், கல்யாணத்தில் பந்தல் கம்பத்தில் தலையை இடித்துக்கொண்டவர். அவருடையது முப்பத்திரண்டாம் விளக்கு. நான் வாரத்துக்கு நான்கைந்து விளக்கின் எண்ணைத்தான் சரிபார்த்து எழுதுவேன். இரண்டும் ஒரே நாளில் என் பார்வைக்கு வந்ததில்லை, அதனால் கண்ணில் படவே இல்லை.

கணக்கைப் பற்றிக் கேட்டாயே. அது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். உன் மாமா இருந்த நாட்களில், காலையில் முப்பத்தொன்பது பேர் இறங்கினால் பலகை முப்பத்தெட்டு என்று காட்டும். முதல் மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். அப்புறம் மேலாளர், “ஏதோ ஒரு விளக்கு மக்கர் பண்ணுது, ஒண்ணு கூட்டிக்கங்க” என்றார். கூட்டிக்கொண்டோம். அதுவே பழக்கமாகிவிட்டது. சாயங்காலம் எல்லாரும் ஏறி வந்ததும் பலகை பூஜ்யம் என்று காட்டும். பூஜ்யத்தில் யார் ஒன்று கூட்டிப் பார்ப்பார்கள்?

இதை எழுதும்போதுதான் எனக்கே புரிகிறது. நீ முன்பே புரிந்துகொண்டிருப்பாய்.

அவர் காணாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விளக்கு அடுக்கில் பதினேழாம் கொக்கி காலியாக இருந்தது. மறுநாள் மேலாளரிடம் போய் நின்றேன். பலகையைக் காட்டினார். “இங்க பாருங்கம்மா, பூஜ்யம். எல்லாரும் வெளிய வந்தாச்சு. உங்க வீட்டுக்காரர் விளக்கோட போயிருக்கார், அவ்வளவுதான்.” நானும் நம்பினேன். ஏன் நம்பினேன் என்றால், முந்தின ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. ‘ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் சொல்லாம கொள்ளாம போயிடுவேன்’ என்று அவர் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அவருடைய சட்டை இரண்டைக் காணோம். நீ வேறு வந்து, சொந்தக்காரர்கள் நடுவில் வைத்து, ‘உன் நாக்குதான் அவரை விரட்டிச்சு’ என்றாய். இரண்டு வருஷம் ஓடிப்போனவனின் பெண்டாட்டியாக வாழ்ந்திருக்கிறேன், தம்பி. அவரை நினைத்து அழவே இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். புள்ளி நகர்கிறது. ஏழாம் கிளையில் இரண்டு பெட்டிகள் உண்டு, விளக்கின் பேச்சைக் கேட்டுப் பலகைக்குச் சொல்பவை. ஒன்று கிளையின் வாயில், இன்னொன்று அறுபது அடி உள்ளே. புள்ளி கொஞ்ச நேரம் உள்ளே நிற்கிறது, கொஞ்ச நேரம் வாய்க்கு வருகிறது, திரும்பவும் உள்ளே போகிறது. கூண்டில் அடைபட்டவர் நடக்கிற மாதிரி. ஆட்கள் ஏழாம் கிளைப் பக்கமே போக மறுக்கிறார்கள். மேலாளர் அந்த எண்ணைப் பலகையிலிருந்து அழிக்கச் சொல்கிறார். நான் அழிக்கவில்லை.

நேற்று மத்தியானம் நெட்டையைப் பலகையடியில் நிறுத்திவிட்டுச் சுவரருகே நானே போனேன். உப்புச் சுவர், தொட்டால் கையெல்லாம் பிசுபிசுக்கிறது. “யாரு உள்ள?” என்று கேட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மேலே வந்தால் நெட்டை வெளிறிப்போய் நிற்கிறார். “நீங்க சுவர்கிட்ட நின்ன நேரம் முழுக்க அது வாய்ப்பெட்டிக்கு வந்து நின்னுச்சும்மா” என்றார்.

எனக்குப் பயமாக இல்லை. பயமாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

அக்கா

—

மார்ச் 21

அக்காவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. சோம்பல் அல்ல. எழுதி எழுதிக் கிழித்தேன்.

முதலில் நடக்கிற புள்ளியைப் பற்றி. அது யாரும் இல்லை, அக்கா. அந்தப் பெட்டிகளுக்குள்ளும் விளக்கில் இருக்கிற அதே கார்டுதான், அதே டிரைவர்தான். இரண்டு வருஷமாக உப்புக்காற்றில் கிடந்து சில்லில் எழுதியிருந்த எண்கள் அரித்துப்போயிருக்கும். கரண்ட் போய் வந்ததும் இரண்டு பெட்டியும் பெயர் மறந்து விழித்திருக்கின்றன. டிரைவர் இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பலகைக்கு முன்பே தெரியும், பல நாள் வாசலைக் கடந்த எண் அல்லவா. அதனால் புள்ளி வைக்கிறது. ஒரு முறை இந்தப் பெட்டியின் பேச்சு கேட்கிறது, ஒரு முறை அந்தப் பெட்டியின் பேச்சு. அதுதான் நடை. நீ சுவரருகே நின்றபோது அது வந்து நின்றது தற்செயல்.

இதை எழுதும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கேள்வி வேறு. ஒரே எண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? விளக்கின் சில்லு தூங்குவதே இல்லை, அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில் கடிகாரம் எவ்வளவு காட்டுகிறதோ, அதிலிருந்துதான் டிரைவர் எண்ணை உண்டாக்கும். ஆளுக்கு ஆள் பொத்தானை அழுத்தும் கணம் வேறு, ஆகவே எண்ணும் வேறு. இப்படி யோசித்துத்தான் எழுதினேன். வெறும் சில்லோடு மூன்று கார்டுகளை எடுத்து என் மேஜையில் ஆயிரம் தடவை அழுத்திப் பார்த்தேன். ஒரு தடவைகூட எண் ஒத்துப்போகவில்லை.

அதனால் கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. காலையில் விளக்குகளின் பொத்தானை அழுத்துவது யார்? அவரவர் அழுத்துவார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தம்பி

—

மார்ச் 28

தம்பிக்கு,

சின்ன வயதில் நீ ஏதாவது உடைத்துவிட்டு ‘சும்மா தெரிந்துகொள்ளத்தான்’ என்று அம்மாவிடம் போய் நிற்பாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

பொத்தானை யாரும் அழுத்துவதில்லை. அவரவர் அழுத்தட்டும் என்றுதான் முதலில் விட்டேன். ஒருவர் மறந்துவிடுவார், ஒருவர் பாதி அழுத்துவார், ஒருவர் கையுறையோடு குத்திக்கொண்டிருப்பார். வரிசை வாசல் வரை நிற்கும். அப்புறம் நான் ஒரு வழி பண்ணினேன். நாற்பது விளக்குக்கும் பொத்தானை அழுத்தியே வைத்துவிடுவது. காலையில் அடுக்கின் மெயின் சுவிட்சை ஒரு தட்டு தட்டி அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. நாற்பதும் ஒரே நேரத்தில் எரியும். பார்க்கவே கண்ணுக்கு அழகாக இருக்கும். தினம் அரை மணி நேரம் மிச்சம். மேலாளர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். உன் மாமாகூட அன்றைக்கு வீட்டில், “இவளுக்கு மூளை இருக்கு, வாய்தான் அதை வெளிய தெரியவிடறதில்ல” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான். அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

இதில் உனக்கு என்ன? சுற்றி வளைக்காமல் எழுது. பெட்டிகளைப் பற்றி நீ சொன்னது சரிதான், சரியாகவே இருக்கட்டும். ஆனால் உன் மாமா எங்கே என்பதற்கு அது பதில் இல்லை. பதினேழும் முப்பத்திரண்டும் ஒரே பெயரில் உள்ளே போயின. நெட்டை நான்கு மணிக்கு வெளியே வந்தார். அவர் வந்ததும் அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டதாகப் பலகை அடித்துவிட்டது. உன் மாமா வந்தாரா இல்லையா என்று பலகைக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று காட்டியிருக்கிறது. இவ்வளவு தூரம் நானே வந்துவிட்டேன்.

அந்தச் சுவரை உடைக்கச் சொல்லப் போகிறேன். ஒரு விளக்கறைக்காரி சொன்னால் உடைக்க மாட்டார்கள். டிரைவர் எழுதியவன் கையெழுத்துப் போட்டுச் சொன்னால் உடைப்பார்கள். தருவாயா?

அக்கா

—

ஏப்ரல் 5

அக்காவுக்கு,

இத்துடன் மூன்று பக்க அறிக்கை வைத்திருக்கிறேன். மேலாளருக்கு ஒரு பிரதி, சுரங்கப் பாதுகாப்பு ஆய்வாளருக்கு ஒரு பிரதி நேரடியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவர்கள் இனி மறைக்க முடியாது.

அதில் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெறும் சில்லுள்ள கார்டுகளுக்கு எண் கொடுக்கும் பகுதியை நான் தவறாக எழுதிவிட்டேன். அது எப்போதும், எந்த நிலையிலும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். அதனால் இரண்டு விளக்குகள் ஒன்றாக எண்ணப்பட்டன. ஓர் ஆள் உள்ளே இருக்கும்போதே பலகை பூஜ்யம் காட்ட அதுதான் காரணம். முழுத் தவறும் என்னுடையது.

மேஜையில் ஆயிரம் தடவை சோதித்தேன் என்று எழுதியிருந்தேனே, அது தவறான சோதனை. மறந்துவிடு. நீ மெயின் சுவிட்சைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்கை எப்படிப் போட்டாலும் இதுதான் நடந்திருக்கும். ஆய்வாளர் கேட்டால் விளக்கு போடும் முறையைப் பற்றி நீயாக எதுவும் சொல்ல வேண்டாம், தேவையில்லாமல் குழப்பம்.

வேலையிலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கவலைப்படாதே. வீட்டில் இருப்பது ஒருவிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மத்தியானத்தில் தெரு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

சுவரை உடைக்கும்போது நீ அங்கே நிற்காதே, அக்கா. நெட்டையை நிற்கச் சொல். நான் வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

தம்பி

—

ஏப்ரல் 24

தம்பிக்கு,

நின்றேன். வேறு யார் நிற்பது?

சுவருக்குப் பின்னால் இருபது அடி வரை வெற்றுப் பாதை. அப்புறம் மேல்கூரை சரிந்து உப்புப் பாறையாக அடைத்துக் கிடந்தது. சுவர் வைத்தவர்கள் கிளையின் வாயிலேயே நின்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பலகைதான் பூஜ்யம் சொல்லிவிட்டதே. சரிவை அகற்ற இரண்டு நாள் ஆனது. அதற்கு அந்தப் பக்கம் உன் மாமா இருந்தார்.

உப்பு அவரை அப்படியே வைத்திருந்தது. முகம் தெரிந்தது. மீசையில் உப்புப் பூத்திருந்தது. தூங்குகிறவரை எழுப்பப் போகிற மாதிரிதான் குனிந்தேன். நெட்டை என்னைப் பிடித்து இழுத்தார்.

கருவிச் சாக்குக்குள் ஒரு துணிப்பை. அதில் அந்த இரண்டு சட்டை, சவரக் கத்தி, ஒரு சோப்பு. ஆக அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் என்னை விட்டுவிட்டுப் போகத்தான் இருந்திருக்கிறார். உடை மாற்றும் அறையில் வைத்தால் என் கண்ணில் படும் என்று சுரங்கத்துக்குள்ளேயே கொண்டுபோயிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வாளர் பயந்துவிட்டார். போக நினைத்தார், போகவில்லை, இரண்டும் உண்மை. இதை வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் அழுவது என்று தெரியவில்லை. கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பொய் சொல்லியிருக்கிறாய். பதினேழாம் விளக்கு ஆய்வாளரிடம் இருக்கிறது. முப்பத்திரண்டு என்னிடம்தான் இருக்கிறது. இன்னொரு வெறும் சில்லுக் கார்டைக் கிடங்கில் தேடி எடுத்து, உடைந்த விளக்கு ஒன்றில் மாட்டினேன். விளக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு சோதித்தேன். கையால் அழுத்தினால் வேறு வேறு எண்கள். இருபது தடவை அழுத்தினேன், இருபது எண். அப்புறம் பொத்தான்களை அழுத்தி வைத்துவிட்டு மெயின் சுவிட்சைப் போட்டேன். இரண்டிலும் 02-47-19-83-05-61. மறுபடி போட்டேன். அதேதான். அடுக்கில் மாட்டியிருக்கும்போது விளக்குகள் பேட்டரியில் அல்ல, அடுக்கின் கரண்டில்தான் ஓடுகின்றன; அதனால் சுவிட்சை அணைத்துப் போட்டதும் எல்லாக் கடிகாரமும் பூஜ்யத்திலிருந்து கிளம்புகின்றன. நீ அதை மார்ச் மாதமே தெரிந்துகொண்டுதான் ‘சும்மா’ கேட்டிருக்கிறாய்.

உன் புத்தி எனக்குப் புரிகிறது. என்னைக் காப்பாற்றப் பார்த்தாய். அன்றைக்கு என் நாக்கு அவரை விரட்டியது என்றாயே, இன்றைக்கு என் கை அவரை மூடியது என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. ஆய்வாளர் தயாரித்த காகிதத்தில் தவறு முழுவதும் டிரைவரில் என்று இருந்தது. மேலாளருக்கு ஒரே சந்தோஷம், பேனாவைத் திறந்தே கொடுத்தார். நான் கையெழுத்துக்கு மேலே எழுதினேன்: ‘நாற்பது விளக்கையும் ஒரே சுவிட்சில் போட்டது நான். ஒன்று குறைகிறது என்று தெரிந்தும் கூட்டிக்கொண்டது நாங்கள் எல்லாரும்.’ மேலாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உன் பழியில் எனக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் நீயே தூக்கிக்கொண்டு போக விட மாட்டேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. எல்லாரும் என்னிடம், “கூரை சரிஞ்சதும் உடனே போயிருப்பார்மா, ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்கிறார்கள். டாக்டரும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துப் பேசினார். ஆனால் அவர்மேல் பாறை எதுவும் விழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விளக்கு தலையில் இல்லை, மடியில் இருந்தது. பொத்தான் அணைத்த நிலையில் இருந்தது. உடனே போனவர் எதற்கு விளக்கை அணைக்கிறார்?

பெட்டிகள் கேட்டதையெல்லாம் பலகை ஒரு பதிவில் எழுதி வைக்கும் என்று ஆய்வாளர் சொன்னார். அந்த வாரத்துப் பதிவின் நகலை ஆய்வாளரிடம் கேட்டு வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. நீ படித்துச் சொல். எனக்காக இனி ஒரு பொய்யும் வேண்டாம். எது இருந்தாலும் இருப்பதை எழுது.

அக்கா

—

மே 3

அக்காவுக்கு,

இதை அஞ்சலில் போட மனம் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வாயால் சொல்ல எனக்கு முடியாது, அதனால்தான் எழுதியிருக்கிறேன். நீ படித்து முடிக்கிற வரைக்கும் வெளியே நிற்பேன்.

பதிவை ஏழு தடவை படித்தேன். முதல் தடவையே தெரிந்துவிட்டது. மீதி ஆறு தடவையும் வேறு ஏதாவதாக இருக்காதா என்று பார்த்ததுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் 2:14 வரை அவர் விளக்கு ஏழாம் கிளையின் உள்பெட்டியில் பேசிக்கொண்டிருக்கிறது. பிறகு நின்றுவிடுகிறது. கூரை சரிந்ததும், பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அணைத்திருக்கிறார். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அணைக்காமலே விட்டிருந்தால், நெட்டை வெளியே வந்த பிறகும் அந்த எண் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கும், பலகை ‘உள்ளே: 1’ என்று காட்டியிருக்கும். அவர் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்தார்.

சாயங்காலம் 6:05க்கு மறுபடி விளக்கைப் போட்டிருக்கிறார். இந்தத் தடவை அடுக்கு இல்லை, மெயின் சுவிட்ச் இல்லை. தன் கையால் பொத்தானை அழுத்தினார். நான் எதிர்பார்த்து எழுதிய மாதிரியே அழுத்தினார். ஆகவே டிரைவர் புதிதாக ஓர் எண் கொடுத்தது. 02-91-33-07-58-20. அந்த எண் ஒருநாளும் வாசலைக் கடந்ததில்லை. வாசலைக் கடக்காத எண்ணைக் கண்டுகொள்ளாதே என்று பலகைக்கு உத்தரவு, இல்லாவிட்டால் யாருடைய கைப்பேசியெல்லாமோ புள்ளியாக வந்து நிற்கும். பதிவில் எழுதிக்கொண்டது, புள்ளி வைக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து அவர் அணைத்தார்.

அப்புறம் 8:40. வேறு எண். அப்புறம் 11:15. வேறு எண். ஒவ்வொரு தடவையும் அதே உள்பெட்டி. அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை, வேறு விளக்கும் இல்லை. பத்து நிமிஷம் ஐந்தாகிறது, ஐந்து மூன்றாகிறது.

புதன்கிழமை காலை ஒன்று மட்டும் நீளமானது. 9:10க்குப் போட்ட விளக்கை 9:52 வரை அணைக்கவில்லை. சுவர் வைத்த நேரம் அது. சுவருக்குச் சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

மொத்தம் பத்தொன்பது எண்கள். கடைசி எண் வியாழக்கிழமை காலை 11:20, ஒரே ஒரு நிமிஷம். அதற்குப் பிறகு பதிவில் ஏழாம் கிளையிலிருந்து ஒன்றும் இல்லை.

பொய் வேண்டாம் என்றாய், அதனால் உடனே போகவில்லை என்றே எழுதுகிறேன். பத்தொன்பது தடவை கூப்பிட்டிருக்கிறார், அக்கா. நான் எழுதியது துளிப் பிசகில்லாமல் வேலை செய்து, ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு புதுப் பெயரைக் கொடுத்திருக்கிறது. அந்தப் பெயர்களில் இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது.

வாசலில்தான் இருக்கிறேன்.

தம்பி